மொழி வாத்தியாருக்கு அறிவியலில் என்ன வேலை?

கேள்வி: மைசூர் சரஸ்வதிபுரத்தில் வளர்ந்தவள் நான். இப்போது மஸ்கட்டில் ஆங்கில ஆசிரியை. நம்மவர்கள் நடத்தும் அறிவியல் உரையாடல் வட்டம் ஒன்றில் சேர்ந்தேன். என்ன வேலை என்று கேட்டார்கள், சொன்னேன். “நல்லதாப் போச்சு, எங்க இலக்கணத்தைத் திருத்த ஆள் வந்தாச்சு” என்றார் ஒருவர். எல்லாரும் சிரித்தார்கள். தொடர்ந்து போகலாமா? (வாசகி, மஸ்கட்)

பதில்: கட்டாயம் போங்கள், முன்வரிசையிலேயே உட்காருங்கள். அடுத்த கூட்டத்தில் அந்த நண்பரிடம் அவருடைய கைபேசியைக் காட்டச் சொல்லுங்கள். அதில் ஓடும் ஒவ்வொரு நிரலும் ஏதோ ஒரு கணினி மொழியில் எழுதப்பட்டது. அந்த மொழிக்கு இலக்கணம் உண்டு. ஒரு புள்ளி தவறினாலும் நிரல் நின்றுவிடும். மனித மொழிகளை ஆராய்ந்த நோம் சோம்ஸ்கி 1956இல் இலக்கணங்களை வகைப்படுத்தினார். 1960இல் அல்கால் என்ற கணினி மொழிக்கு ஜான் பேக்கஸும் பீட்டர் நௌரும் பயன்படுத்திய விதிமுறை, சோம்ஸ்கி வகுத்த வகைகளில் ஒன்றோடு அப்படியே பொருந்தியது. அதைப் பார்த்த இன்னொருவர், அந்த விதிமுறையின் பெயரில் சமஸ்கிருத இலக்கண ஆசிரியர் பாணினியின் பெயரையும் சேர்க்க வேண்டும் என்று 1967இல் எழுதினார். இலக்கணம் தெரிந்தவர் ஒருவர் வந்திருப்பது அந்த வட்டத்துக்குக் கிடைத்த யோகம்.

கேள்வி: அறிவியல் பட்டம் இல்லாதவர் அறிவியல் பேசினால் யார் மதிப்பார்கள்? (வாசகர், ஈரோடு)

பதில்: ஜே.பி.எஸ். ஹால்டேனை உலகமே மதித்தது. மக்கள்தொகை மரபியலின் மூலவர்களில் ஒருவர் அவர். ஆக்ஸ்ஃபோர்டில் முதலில் கணிதம் படித்துவிட்டு, கிரேக்க, லத்தீன் இலக்கியத்துக்கும் தத்துவத்துக்கும் மாறித்தான் பட்டத்தை முடித்தார். அறிவியல் பட்டம் அவரிடம் இல்லை. 1957இல் இந்தியாவுக்கு வந்து, குடியுரிமையும் பெற்று, 1964இல் புவனேசுவரத்தில் காலமானார்.

கேள்வி: எங்கள் மைசூரிலிருந்து வெளிநாடு போய் மொழி கற்பித்து, அறிவியலோடும் உறவு வைத்திருந்தவர் உண்டா? (கல்லூரி மாணவர், மைசூர்)

பதில்: ஏ.கே. ராமானுஜன். 1929இல் மைசூரில், தமிழ் பேசும் ஐயங்கார் குடும்பத்தில் பிறந்தவர். தந்தை அட்டிப்பட் ஆசூரி கிருஷ்ணசாமி, மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியர், வானியலும் தெரிந்தவர். வீட்டின் மாடியில் தந்தையோடு ஆங்கிலம், கீழே தாயோடு தமிழ், தெருவில் இறங்கினால் கன்னடம். கல்லூரியில் ராமானுஜன் முதலில் எடுத்தது அறிவியல்தான். இவனுக்குக் கணக்கு வராது என்று முடிவுகட்டிய தந்தையே கையைப் பிடித்து அழைத்துப்போய் ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டார்.

பிறகு கொல்லம், மதுரை, பெல்காம், பரோடா என்று ஆங்கிலம் கற்பித்துக்கொண்டு அலைந்தார். புனே டெக்கான் கல்லூரியில் மொழியியல் படித்தார். 1959இல் அமெரிக்கா. 1963இல் இந்தியானா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். அந்த ஆய்வேடு கன்னடத்துக்கு ஓர் ஆக்கமுறை இலக்கணம். அதாவது, சில விதிகளை வைத்துக்கொண்டு ஒரு மொழியில் வரக்கூடிய வாக்கியங்கள் அத்தனையையும் பிறப்பித்துக் காட்டும் முயற்சி. அதில் குறியீடு உண்டு, விதி உண்டு, படிப்படியான வருவிப்பு உண்டு. எண்கள் இல்லை என்பதைத் தவிர, அது கணக்கேதான். கணக்கு வராது என்று தள்ளிவைக்கப்பட்ட பையன் செய்த வேலை அது! தந்தை பெரிய மனிதர்தான். ஆனால் அந்த ஒரு தீர்ப்பில் அவர் பிழை செய்தார் என்றே நான் நினைக்கிறேன். பிள்ளைக்கு எது வராது என்று பதினாறு வயதில் தீர்ப்பு எழுதும் பெற்றோர் இன்றும் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

முனைவர் பட்டம் கைக்கு வருமுன்பே, 1962இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். சேர்ந்த புதிதில் ஒரு சனிக்கிழமை, பழந்தமிழ் இலக்கணம் தேடி நூலகத்தின் நிலவறைக்குப் போனவர் கையில் உ.வே. சாமிநாதையர் பதிப்பித்த குறுந்தொகை அகப்பட்டது. தமிழ் வீட்டில் பிறந்தும் சங்கப் பாட்டு படிக்காதவர், மிச்சிகன் ஏரிக்கரையில் அதைக் கண்டெடுத்தார். 1967இல் வெளிவந்த அவருடைய குறுந்தொகை மொழிபெயர்ப்பு வழியாகத்தான் உலகின் பெரும்பகுதி சங்கத் தமிழைக் கேள்விப்பட்டது. 1993இல் சிகாகோவிலேயே காலமானார்.

கேள்வி: அந்தத் தந்தை வானியல் படித்துவிட்டுச் சோதிடமும் பார்த்தாராமே! (வாசகி, கும்பகோணம்)

பதில்: பார்த்தார். ராமானுஜனே 1989இல் ஒரு கட்டுரையில் எழுதியிருக்கிறார். வெளிநாட்டுக் கணித அறிஞரும் வருவாராம், உள்ளூர்ச் சோதிடரும் வருவாராம், அந்த வீட்டில் இருவருக்கும் நாற்காலி உண்டு. தத்துவ அறிஞர் ரஸ்ஸலைப் படித்துவிட்டுச் சூடாக இருந்த இளைஞன் ராமானுஜன், நெப்டியூனையும் புளூட்டோவையும் உங்கள் சோதிடத்தில் எங்கே வைப்பீர்கள் என்று கேட்டிருக்கிறான். நெப்டியூன் கண்டறியப்பட்டது 1846இல், புளூட்டோ 1930இல். தேவையான திருத்தங்களைச் செய்துகொள்ள வேண்டியதுதான், அவ்வளவே என்பதுபோல் தந்தை பதில் சொல்லியிருக்கிறார். தந்தையின் பதில் அழகு. சரியானது மகனின் கேள்விதான்.

கேள்வி: மொழி வல்லுநர்கள் அறிவியலைப் பற்றிப் பேசியிருக்கலாம். அறிவியலுக்கு உருப்படியாக ஏதாவது கொடுத்திருக்கிறார்களா? (பொறியாளர், ஓசூர்)

பதில்: ஐயா, நாள் நீண்டுகொண்டே போகிறது என்ற செய்தியைக் கொடுத்திருக்கிறார்கள். நிலா கடலை இழுக்கிறது, அலை ஏற்ற இறக்கம் பூமியின் சுழற்சிக்குத் தடை போடுகிறது, பூமி மெல்ல மெல்ல வேகம் குறைகிறது. எவ்வளவு? நூறாண்டுக்கு ஒரு நாளின் நீளம் சுமார் 1.8 மில்லிநொடி கூடுகிறது. துல்லியமான அணுக் கடிகாரம் வந்ததே 1955இல்தான். அதற்கு முந்தைய இரண்டாயிரத்தைந்நூறு ஆண்டுக் கணக்கை எந்தக் கருவியும் வைத்திருக்கவில்லை. களிமண் பலகைகள் வைத்திருந்தன.

கி.மு. 136, ஏப்ரல் 15. பாபிலோனில் முழுச் சூரிய கிரகணம். பகல் இருண்டதையும், அப்போது தெரிந்த கோள்களையும் ஆப்பெழுத்தில் பதித்து வைத்தார்கள். இன்றைய சுழற்சி வேகத்தையே அன்றைக்கும் வைத்துக் கணக்கிட்டால் அந்த நிழல் பாபிலோனில் விழாது. 48 பாகைக்கு மேல் மேற்கே, ஸ்பெயினை ஒட்டிய மயோர்க்கா தீவுப் பக்கம் விழும். கிட்டத்தட்ட மூன்றேகால் மணி நேர வித்தியாசம். பாபிலோன்காரர்கள் பொய் சொல்லவில்லை, பூமிதான் அன்று இன்னும் வேகமாகச் சுற்றியது. பாபிலோனிய, சீன, அரபு, கிரேக்கக் குறிப்புகளைத் திரட்டி இந்தக் கணக்கை முடித்தவர், டர்ஹம் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் ஸ்டீஃபன்சன். அவர் வானியலாளர். ஆனால் அந்தப் பலகைகளை வாசித்துக் கொடுத்தவர்கள் அக்காடிய மொழி படித்தவர்கள். ஒரு வினைச்சொல்லைத் தப்பாக வாசித்திருந்தால் பூமியின் சுழற்சியே தப்பாகியிருக்கும்.

மைசூரிலேயே இன்னொன்று இருக்கிறது. அங்கிருந்த கீழ்த்திசை நூலகத்தில் நூலகராக இருந்த சமஸ்கிருத அறிஞர் ஆர். சாமசாஸ்திரியிடம் 1905இல் ஓர் ஓலைச்சுவடி வந்து சேர்ந்தது. கொடுத்தவர் தஞ்சைப் பக்கத்துப் பண்டிதர், எழுத்து கிரந்தம். வாசித்துப் பார்த்தால், தொலைந்துபோனதாக எல்லாரும் நினைத்திருந்த அர்த்தசாஸ்திரம்! 1909இல் பதிப்பித்தார். அதற்குள் மழைமானி இருக்கிறது. தானியக் களஞ்சியத்தின் முன்னால் ஒரு முழ அகலக் கிண்ணம் வைத்து மழையை அளக்க வேண்டும் என்கிறது நூல். அவந்தி நாட்டுக்கு இத்தனை, வறண்ட நிலத்துக்கு இத்தனை என்று துரோண அளவில் கணக்கும் தருகிறது. மழையளவியலின் வரலாற்றில் இன்று இந்தியாவுக்கு ஓர் இடம் இருக்கிறது என்றால், கிரந்தம் வாசிக்கத் தெரிந்த ஒரு நூலகர்தான் காரணம்.

கேள்வி: கூட்டத்தில் புரியாத விஷயம் வந்தால் கேட்டுவிடலாமா, வீட்டுக்கு வந்து தேடிக்கொள்ளலாமா? (வாசகர், சேலம்)

பதில்: அங்கேயே கேளுங்கள். உங்களுக்குப் புரியாதது இன்னும் பத்துப் பேருக்குப் புரிந்திருக்காது. வகுப்பறையில் நின்று பழகிய ஆசிரியருக்கு இது நன்றாகவே தெரியும்.

கேள்வி: வெளிநாட்டுக்காரர் ஒருவர் நம் மொழியில் அறிவியல் சொல்லிக்கொடுத்ததாக வரலாறு உண்டா? (மருத்துவ மாணவி, யாழ்ப்பாணம்)

பதில்: உங்கள் ஊரிலேயே, அம்மா. அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் மருத்துவமனை நடத்தினார், மாணவர்களுக்கு மருத்துவம் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்தில்தான். படித்தவர்கள் அரசாங்கச் சம்பளம் தேடி ஊரை விட்டுப் போவதைப் பார்த்தார். கிராமத்துக்கு வைத்தியர் வேண்டுமென்றால் கிராமத்தின் மொழியில் படிக்க வேண்டும் என்று முடிவு செய்து, 1864 முதல் தமிழில் கற்பிக்கத் தொடங்கினார். தானே தமிழ் படித்தார், மாணவர்களைக் கூட்டி உட்கார வைத்து நூல்களைத் தமிழாக்கினார். இரண வைத்தியம், அதாவது அறுவை மருத்துவம், 1867இல் வந்தது. மேற்கத்திய மருத்துவத்தை முழுக்கத் தமிழில் படித்த ஒரு தலைமுறை மருத்துவர்கள் உங்கள் மண்ணில் நடமாடினார்கள். தமிழால் முடியுமா என்று இன்றைக்கும் கேட்பவர்களுக்கு மானிப்பாயின் விலாசத்தைக் கொடுங்கள்.

கேள்வி: மொழிப் பேராசிரியர்கள் பல்கலைக்கழகத்தை நடத்தினால் அறிவியல் துறை தேறுமா? (வாசகர், கோவை)

பதில்: மைசூர் மகாராஜா கல்லூரியில் கன்னடம் கற்பித்த குவெம்பு 1956இல் துணைவேந்தரானார். இன்று அறிவியல் துறைகளும் குடியிருக்கும் மானசகங்கோத்ரி வளாகம் அவர் எண்ணம், பெயரும் அவர் வைத்தது. தேறியது.

கேள்வி: தமிழ்க் கல்வெட்டுப் படிகள் மைசூரில் கிடந்தன, சென்னைக்குக் கொண்டுவர வேண்டும் என்றார்களே, உங்கள் கருத்து? (ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மைசூர்)

பதில்: தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவு 1960களில் உதகமண்டலத்திலிருந்து மைசூருக்கு வந்தபோது தமிழ்க் கல்வெட்டுப் படிகளும் கூடவே வந்தன. 2021இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவற்றைச் சென்னைக்கு மாற்றும்படி உத்தரவிட்டது. படி எந்த ஊரில் இருக்கிறது என்பதைவிட, எத்தனை பேர் அதை வாசித்தார்கள் என்பதே எனக்குப் பெரிது. அத்தனையும் மின்வடிவில் எல்லாருக்கும் திறந்து கிடக்க வேண்டும்.

ஏனென்றால், ஐயா, அந்தப் படிகளில் வானம் இருக்கிறது. கிழமை, நட்சத்திரம், திதி போட்டுத்தான் நம் முன்னோர் தானம் எழுதினார்கள். சூரிய கிரகணத்தன்று கொடுத்தது, சோம கிரகணத்தன்று கொடுத்தது என்று குறித்தவை உண்டு. எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை 1922இல் வெளியிட்ட பஞ்சாங்க அட்டவணைகள் கி.பி. 700 முதல் 1799 வரை ஒவ்வொரு நாளையும் கணக்கிட்டு வைத்திருக்கின்றன. வட்டெழுத்தும் கிரந்தமும் தெரிந்த ஒருவரும் வானியல் தெரிந்த ஒருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் வேலை தொடங்கிவிடும். மைசூரில் இரு வகையினருக்கும் பஞ்சமில்லை. இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் 1969 முதல் அங்கேதான் இருக்கிறது.

நீங்கள் ஓய்வுபெற்றுவிட்டீர்கள், நேரம் இருக்கிறது, எழுத்தும் தெரியும். இந்தப் பகுதியைப் படிக்கும் மற்ற தமிழாசிரியர்களையும் கேட்டுக்கொள்கிறேன்: உங்கள் ஊர்க் கோயில் சுவரில் கிரகணம் குறித்த கல்வெட்டு இருந்தால், அரசர் பெயர், ஆட்சியாண்டு, கிழமை, நட்சத்திரம் நான்கையும் பிழையில்லாமல் எழுதி எங்களுக்கு அனுப்புங்கள். கணக்குப் போட வானியல் தெரிந்தவர்களைத் தேடிப் பிடிப்பது எங்கள் பொறுப்பு.