பெருங்களத்தூர் வழியாக ஜப்பான்

தாம்பரத்தில் குடியிருப்பவனுக்குக் காலண்டர் தேவையில்லை. சாயங்காலம் பால் வாங்கப் போகிற வழியில் ஜி.எஸ்.டி. ரோட்டை ஒரு தடவை எட்டிப் பார்த்தால் போதும். தெற்கே போகிற வண்டிகளின் சிவப்பு விளக்கு இரும்புலியூரிலிருந்து பெருங்களத்தூர் வரைக்கும் அசையாமல் எரிந்தால், தீபாவளியோ பொங்கலோ நெருங்கிவிட்டது. அதே வண்டிகள் டிக்கியில் அரிசி மூட்டையோடு வடக்கே பார்த்து நின்றால் லீவு முடிந்துவிட்டது. சென்னை மொத்தமும் சொந்த ஊருக்குப் போவதும் வருவதும் எங்கள் பேட்டை வழியாகத்தான். 2023 டிசம்பர் 30-ல் கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தைத் திறந்தபோது, கூட்டம் இனி நம்மைத் தாண்டிப் போய்விடும் என்று தெருவில் ஸ்வீட் கொடுக்காத குறை. பழைய கூட்டம் போகவில்லை. கிளாம்பாக்கத்துக்குப் போகிற கூட்டம் என்று புதிதாக ஒன்று வந்து அதோடு சேர்ந்துகொண்டது.

இப்படிப்பட்ட ஊரில் இருபது வருஷம் குப்பை கொட்டியவனுக்கு, ஜப்பானில் கூட்டம் இல்லாத நாளாகப் பார்த்து ஒரு தேதி குறிப்பது பெரிய வேலையா என்று நினைத்துத்தான் அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டேன். வீட்டில் வேறு யாரும் ஏற்கத் தயாராக இல்லை என்பதும் ஒரு காரணம்.

ஜப்பான் ஆசை எங்கள் வீட்டில் மூன்று தலைமுறைக்கும் உண்டு. பையனுக்கு அனிமே. மனைவிக்கு செர்ரிப் பூ. அம்மாவுக்கு எம்.ஜி.ஆர். 1970-ல் ஒசாகாவில் நடந்த எக்ஸ்போவில் படம்பிடித்து 1973-ல் வெளிவந்த ‘உலகம் சுற்றும் வாலிபன்’தான் அம்மாவுக்குத் தெரிந்த ஜப்பான். அந்தக் கண்காட்சிக்கு ஆறு மாதத்தில் வந்தவர்கள் 6 கோடியே 40 லட்சத்துக்கும் மேல். செப்டம்பர் 5-ம் தேதி ஒரே நாளில் 8 லட்சம் பேருக்கு மேல் நுழைந்திருக்கிறார்கள். இந்தக் கணக்கை அம்மாவிடம் சொன்னேன். “அப்படியா? எனக்கு அவரு மட்டும்தான் தெரிஞ்சாரு” என்றாள்.

மனைவி பள்ளிக்கூட டீச்சர். ஆகவே நாங்கள் வெளியூர் போவது என்றால் முழுப்பரீட்சை, காலாண்டு, அரையாண்டு ஆகிய மூன்று லீவுக்குள்தான். செர்ரிப் பூ அங்கே மார்ச் கடைசியில் மலர்ந்து ஏப்ரல் முதல் வாரத்தில் உதிரும். இங்கே அது பொதுத்தேர்வுக் காலம். பூ ஜன்னலுக்கு வெளியே மலர்ந்தாலும் இவள் திரும்பிப் பார்க்க முடியாது. பிட்டு அடிக்கிறவனைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஆக, பூ அடிபட்டது.

அடுத்து மே. லீவு விட்டவுடன் கிளம்பிவிடலாம் என்று காகிதத்தில் தேதி போட்ட பிறகுதான் கோல்டன் வீக் என்ற ஒன்று குறுக்கே வந்தது. ஏப்ரல் 29 பழைய சக்கரவர்த்தியின் பிறந்தநாள். மே 3 அரசியல் சாசன தினம். 4 பசுமை தினம். 5 குழந்தைகள் தினம். எல்லாம் அடுத்தடுத்து வருவதால் தேசமே பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடும். அந்த நாட்களில் டோக்கியோவிலிருந்து ஒசாகா பக்கம் ஓடும் நோசோமி புல்லட் ரயிலில் 2023 வருஷக் கடைசியிலிருந்து அன்ரிசர்வ்டு பெட்டியே கிடையாது, எல்லாமே முன்பதிவு. எங்கள் தாம்பரத்திலிருந்து நாகர்கோவில் போகிற அந்த்யோதயா நேர் எதிர்க் கட்சி. அதில் முன்பதிவுப் பெட்டியே கிடையாது. யாருக்குத் தோள்பலம் இருக்கிறதோ அவருக்கு இடம்.

இந்த ஆராய்ச்சியில் எனக்கு வயிற்றெரிச்சலைக் கிளப்பிய சமாச்சாரம் ஒன்று உண்டு. அங்கே அரசு விடுமுறை ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தால் அதை வேறொரு நாளில் ஈடுகட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். 2026-ல் மே 3 ஞாயிறு. 4, 5 ஏற்கெனவே விடுமுறை. அதனால் 6-ம் தேதி புதனுக்கு லீவு. இன்னொரு சட்டமும் இருக்கிறது. இரண்டு விடுமுறைக்கு நடுவே ஒற்றை வேலை நாள் மாட்டிக்கொண்டால் அதுவும் விடுமுறை ஆகிவிடும். நம்மூரில் அந்த ஒற்றை நாளுக்காகத்தான் எத்தனை பாட்டிகள் எத்தனை தடவை செத்திருக்கிறார்கள்! இங்கே 2026 தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. ஈடு கேட்டால் ஹெட்மாஸ்டர் சிரிப்பார். இந்தச் சட்டத்தை மனைவிக்குப் படித்துக் காட்டினேன். ஸ்டாஃப் ரூமில் போய்ச் சொல்லியிருக்கிறாள். அன்று நான்காவது பீரியட் யாருக்கும் பாடமே ஓடவில்லையாம்.

அந்த நல்ல சட்டமே எங்கள் காலாண்டு லீவில் கையை வைத்தது. 2026 செப்டம்பர் 21 திங்கள் அங்கே முதியோர் தினம். 23 புதன், இரவும் பகலும் சமமாகிற நாள். நடுவில் மாட்டிய செவ்வாய் தானாக லீவு ஆகிறது. முன்னே சனி, ஞாயிறு. ஆக ஐந்து நாள் தொடர் விடுமுறை, சில்வர் வீக். 2015-க்குப் பிறகு இப்போதுதான் இப்படி அமைகிறது. பதினோரு வருஷம் சும்மா இருந்துவிட்டு நான் போக நினைக்கிற வருஷமா பார்த்து அமைய வேண்டும்? சரி, அது முடிந்த பிறகு போகலாமென்றால் அக்டோபர் 1 சீனாவின் தேசிய தினம். அதையொட்டி அவர்களுக்கு ஒரு வாரம் லீவு. புயல் சீசன் வேறு.

அம்மாவின் ஆட்சேபணை தனி. “ஏல, புரட்டாசில மீன் திங்கிற ஊருக்கா போவீக?” சைவமாகச் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று சொல்லிப் பார்த்தேன். ஜப்பானில் காய்கறி சூப்புக்குக்கூட அடியில் ஒரு மீன்சாறு இருக்கும். சூரை மீனைக் கல்லாகக் காயவைத்துச் சீவிப் போட்டு இறக்குவார்கள். விவரம் கேட்டதும் தூத்துக்குடிக்காரியான அம்மாவுக்குக் கண் விரிந்தது. “மாசிக் கருவாடுல்லா அது! சம்பல் பண்ணுவாகளா?” புரட்டாசியில் ஜப்பான் கூடாது என்பது அந்த நிமிஷமே உறுதியானது. மற்ற மாதம் எதுவானாலும் அம்மாவும் வருகிறாள் என்பதும்.

நவம்பர் என்று யாரோ ஒரு நல்ல மனிதர் யோசனை சொன்னார். கியோட்டோவில் மேப்பிள் இலை சிவக்கிற மாதம். அவருக்கு வீடு மயிலாப்பூரில். எங்களுடையது முடிச்சூர் ரோடு. அங்கே இலை சிவக்கிற அதே வாரம் இங்கே டிவியில் மாவட்டம் மாவட்டமாகச் சிவப்பு அடிப்பார்கள். 2015 டிசம்பர் முதல் வாரம் அடையாறு முடிச்சூருக்கும் வரதராஜபுரத்துக்கும் வீட்டுக்குள் வந்து போனது. மீனம்பாக்கம் விமான நிலையத்தையே நாள் கணக்கில் மூடி வைத்தார்கள். அதற்குப் பிறகு எங்கள் தெருவில் அக்டோபர் முதல் டிசம்பர் பாதிவரை யாரும் வீட்டைப் பூட்டிவிட்டுக் கல்யாணத்துக்குக்கூடக் குடும்பத்தோடு போவதில்லை. ஃபிரிட்ஜைக் கட்டில்மேல் ஏற்ற ஒரு ஆளாவது வேண்டும்.

அரையாண்டு லீவைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. டிசம்பர் 29 தொட்டு ஜனவரி 3 வரை ஜப்பானியர்கள் ஊருக்குப் போய்விடுகிறார்கள்; பல கடைகளில் ஷட்டர். கோயிலில் மட்டும் ஜேஜே. டோக்கியோவின் மெய்ஜி ஆலயத்துக்குப் புத்தாண்டின் முதல் மூன்று நாளில் மட்டும் 30 லட்சம் பேர் வருவார்களாம். “அங்க போயும் தர்ம தரிசனக் க்யூவா?” என்றாள் மனைவி. ஆகஸ்டில் சுதந்திர தினத்தை ஒட்டி அவள் லீவு போடத் தயாராகத்தான் இருந்தாள். ஆனால் ஆகஸ்ட் 13 முதல் 16 வரை ஓபோன். செத்துப்போன முன்னோர்கள் வீட்டுக்கு வருகிற நாட்கள். அவர்களை வரவேற்க உயிரோடு இருப்பவர்கள் அத்தனை பேரும் ரயிலேறுகிறார்கள். ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரம் போய்ப் பழகிய அம்மாவுக்கு இதில் ஒரு தப்பும் தெரியவில்லை.

காகிதத்தில் அடித்து அடித்து இடமே இல்லாமல் போனபோது மனைவி சொன்னாள்: “என்னங்க, கூட்டமே ஆகாதுன்னா பேசாம செவ்வாய்க்கிழமையாப் பார்த்து வண்டலூர் ஜூவுக்குப் போயிட்டு வந்துடுங்க. ஒருத்தரும் இருக்க மாட்டாங்க.” செவ்வாய் ஜூவுக்கு வார விடுமுறை. காணும் பொங்கலன்று பையன் கையில் போன் நம்பர் எழுதிய பட்டையைக் கட்டிக்கொண்டு அதே ஜூவில் நாங்கள் நின்றதை அவள் மறக்கவில்லை.

விஷயம் என்னவென்றால், லீவு யாருக்கும் தனியாக வருவதில்லை. 2024-ல் மட்டும் ஜப்பானுக்கு வந்த வெளிநாட்டவர் 3 கோடியே 68 லட்சம். அத்தனை பேரும் என்னைப் போலவே காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்து கூட்டம் இல்லாத தேதி பார்த்துத்தான் வந்திருப்பார்கள். ஃபுஜிகவாகுச்சிகோ என்று ஃபுஜி மலையடிவாரத்தில் ஒரு ஊர். அங்கே ஒரு பெட்டிக்கடை மாதிரியான கடையின் கூரைக்கு மேல் மலை தெரியும். அதைப் படம்பிடிக்க வந்தவர்கள் ரோட்டிலேயே நின்று பல் ஆஸ்பத்திரி வாசலையும் அடைத்ததால், 2024 மே மாதம் ஊராட்சிக்காரர்கள் இரண்டரை மீட்டர் உயரத்துக்கு, 20 மீட்டர் நீளத்துக்குக் கறுப்பு வலை கட்டி மலையையே மறைத்துவிட்டார்கள். கொஞ்ச நாளில் வலையில் போன் லென்ஸ் நுழைகிற அளவுக்கு ஓட்டைகள். தாம்பரமாக இருந்தால் ஓட்டையெல்லாம் போட்டிருக்க மாட்டோம். அன்று சாயங்காலமே அதன்மேல் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் கட்டியிருப்போம்.

கடைசியில் ஒரு சந்து கிடைத்தது. மே 6-ம் தேதி கோல்டன் வீக் முடிகிறது. ஜூனில் அங்கே மழைக்காலம் தொடங்குகிறது. நடுவில் மூன்று வாரத்துக்குமேல் வெயிலும் இல்லாமல் மழையும் இல்லாமல், ஜப்பானியர்கள் எல்லாரும் லீவு தீர்ந்து ஆபீஸில் உட்கார்ந்திருக்கும் நாட்கள். நமக்கோ கத்திரி வெயில், பள்ளிக்கூடம் பூட்டியிருக்கும். இதைக் கண்டுபிடித்த அன்று நான் வீட்டில் நடந்த நடையே வேறு. அந்த மாதங்களில்தான் அங்கே பள்ளிக்கூடங்கள் பிள்ளைகளைக் கும்பல் கும்பலாகக் கியோட்டோவுக்கும் நாராவுக்கும் சுற்றுலா கூட்டிப் போகும் என்று பையன் ஒரு வார்த்தை போட்டான். “யூனிஃபார்ம் போட்ட பிள்ளைங்கதானே, வரிசையில வந்துடுவாங்க” என்றாள் டீச்சரம்மா.

புல்லட் ரயில் டிக்கெட் விவகாரத்தில் அம்மா நுழைந்தாள். பயணத் தேதிக்குச் சரியாக ஒரு மாதம் முன்னால், ஜப்பான் நேரம் காலை 10 மணிக்கு முன்பதிவு திறக்கும். நம்மூர் ஏ.சி. தட்கலுக்கும் 10 மணிதான் என்றாலும், ஜப்பானின் 10 நமக்கு விடியற்காலை ஆறரை. அம்மா கணக்குப் பார்த்துச் சொன்னாள்: “ஆறரைக்கு எந்தக் கிழமையும் ராகு காலம் கிடையாது. வியாழக்கிழமை மட்டும் போட்டுராத, எமகண்டம்.” ஜப்பான் காலண்டரிலும் நல்ல நாள், கெட்ட நாள் போட்டிருப்பார்கள் என்று சொன்னேன். ஆறு வகை நாட்கள் சுழன்று சுழன்று வரும். ஒரு வகையில் கல்யாணம் வைக்கலாம், ஒரு வகையில் கூடாது. இன்னொரு வகையில் பிணம் எடுக்க மாட்டார்கள். எடுத்தால் போகிறவர் கூட ஒரு ஆளை இழுத்துக்கொண்டு போய்விடுவாராம். அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். “சனிப் பிணம் தனிப் போகாது!” அதோடு ஜப்பான் அம்மாவுக்கு அந்நிய தேசமாக இல்லாமல் போயிற்று. நமக்கு நல்ல நாளும் அவர்களுக்கு நல்ல நாளும் ஒன்றாக வருகிற தேதிதான் வேண்டும் என்றாள். நான் மறுபடியும் பேனாவைத் தேட வேண்டியதாயிற்று.

கல்யாண விஷயத்தில் நான் எதிர்பார்த்ததுதான் நடந்தது. வைகாசி பிறந்தால் முகூர்த்தம். மனைவியின் சித்தப்பா மகளுக்கு அந்த மாதத்தில் ஒரு நாள் பார்த்திருக்கிறார்கள். ஆகவே அதற்கு முன்னால் போய்த் திரும்ப வேண்டும். சந்து இன்னும் சந்தாகி மே 9-ம் தேதி என்ற ஒற்றைப் புள்ளியில் வந்து நின்றது. இத்தனை வடிகட்டலுக்குப் பிறகு அந்தத் தேதியில் எங்களைத் தவிர வேறு யார் போகப்போகிறார்கள் என்ற தைரியத்தில், ஸ்டேஷன் பக்கம் ஒரு மாடியில் இருக்கும் டிராவல்ஸில் போய் உட்கார்ந்தோம்.

“மே 9-ங்களா?” என்று டிராவல்ஸ் பையன் கம்ப்யூட்டரைத் தட்டினான். “ஒரு வண்டி ஃபுல் சார். ரெண்டாவது வண்டி ஓடிட்டிருக்கு. சேலையூர்ல ரெண்டு ஃபேமிலி, சிட்லபாக்கம் ஒண்ணு, குரோம்பேட்டை மூணு, மேடவாக்கம் டீச்சருங்க குரூப் ஒண்ணு. கூட்டம் இல்லாத டேட்டா வேணும்னு கேட்டு எல்லாரும் இதையேதான் போடறாங்க.”

மேடவாக்கம் டீச்சர்கள் யார் யார் என்று மனைவி விசாரிக்கத் தொடங்கினாள். இரண்டு பேர் தெரிந்தவர்களாம். முகம் மலர்ந்துவிட்டது, எனக்கு இருந்த கடைசி ஆதரவும் போயிற்று. அங்கே ஊர் சுற்றுகிற பஸ்ஸில் சீட் நம்பர் உண்டா என்று நான் கேட்டேன்.

“அதெல்லாம் கிடையாது சார். முன்னாடி ஏர்றவங்களுக்கு ஜன்னல்.”

அம்மா என் பக்கம் சாய்ந்து, அவனுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்: “ரெண்டு துண்டு எடுத்து வச்சுக்க.”