டிசம்பர் 31 நள்ளிரவு வம்சாவளி

பாண்டியர் வம்சம் பங்காளிச் சண்டையில் பிரிந்தது. சிங்கப்பூரில் தலைமுறை பிரிவது டிசம்பர் 31 நள்ளிரவு பன்னிரண்டு மணிக்கு. 1949 முடிவதற்குள் பிறந்து, 1986 முடிவதற்குள் குடியுரிமை வாங்கியவர் ‘முன்னோடித் தலைமுறை’. 2014இல் அவர்களுக்காக 800 கோடி வெள்ளியை எடுத்து வைத்தார்கள். 1950 ஜனவரி 1 விடிகாலை பிறந்த பாவத்துக்கு அடுத்தவர் 2019 வரை காத்திருந்து ‘மெர்டேக்கா தலைமுறை’ ஆனார். பலதுறை மருந்தகத்தில் மானியம் போக மிச்சமுள்ள கட்டணத்தில் முன்னவருக்குப் பாதி தள்ளுபடி, பின்னவருக்குக் கால்வாசி. மார்சிலிங் காப்பிக்கடையில் ஒரே மேசையில் தே ஓ கோசோங் உறிஞ்சும் இரண்டு கிழவர்கள் தலைமுறை அட்டையை எடுத்துப் போட்டால்தான் யார் எந்த யுகம் என்று தெரியும்.

மெர்டேக்கா என்றால் சுதந்திரம். 1956 மார்ச்சில் முதலமைச்சர் டேவிட் மார்ஷல் பழைய காலாங் விமான நிலையத்தில் மெர்டேக்கா கூட்டம் போட்டார். வந்திருந்த பிரிட்டிஷ் எம்.பி.க்களுக்கு ஜனங்களின் எழுச்சியைக் காட்ட வேண்டுமாம். ஜனங்கள் கொஞ்சம் தாராளமாகவே காட்டினார்கள், மேடையே சரிந்தது. அன்று தொண்டை கிழியக் கத்திய இளவட்டங்களுக்குப் பின்னாளில் கிடைத்தது முன்னோடிப் பட்டம். மெர்டேக்கா பட்டம்? 1950க்கும் 1959க்கும் இடையில் பிறந்தவர்களுக்கு! அவர்களில் மூத்தவனுக்கே அன்று ஆறு வயது. கடைக்குட்டி பிறக்க இன்னும் மூன்று வருஷத்துக்கு மேல் இருந்தது.

பிரதமர்கள் கணக்கு இன்னும் மோசம். இரண்டாம் தலைமுறைத் தலைவர் கோ சோக் டோங், 1941இல் பிறந்ததால் முன்னோடி. மூன்றாம் தலைமுறை லீ சியன் லூங் 1952, ஆகவே மெர்டேக்கா. அவர்தான் 2023இல், ஐம்பதைத் தாண்டி அறுபதைத் தொட்டுக்கொண்டிருந்தவர்களை ‘இளம் மூத்தோர்’ என்று அழைத்து, 1973 வரை பிறந்தவர்களுக்கு மஜுலா தொகுப்பு என்ற உதவித்திட்டத்தை அறிவித்தார். மார்சிலிங் - இயூ டீ எம்.பி. லாரன்ஸ் வோங் 1972 டிசம்பரில் பிறந்தவர். 2024 மே மாதம் பிரதமர் நாற்காலியில் உட்கார்ந்தபோது நான்காம் தலைமுறையின் புதுமுகம். மஜுலா கணக்கிலோ ஏற்கெனவே மூத்தவர்.

இளம் மூத்தோரா, இதென்ன கூத்து என்று நாம் சிரிக்கக்கூடாது. முப்பத்திரண்டிலிருந்து நாற்பது வரை உள்ளவளுக்குப் ‘பேரிளம்பெண்’ என்று பெயர் வைத்தவன் நம் ஊர்ப் புலவன்தான். நாற்பத்தொன்று ஆனால்? மன்னன் வீதியுலா வரும்போது அவள் வாசலுக்கு வரவே தேவையில்லை. உலா இலக்கியத்தில் அவளுக்கு இடமே கிடையாது. சிங்கப்பூர் அரசாங்கமாவது ஐம்பதைத் தாண்டியவளுக்கு ஒரு பெயரையும் வைத்து, மெடிசேவ் மருத்துவச் சேமிப்புக் கணக்கில் 2024இல் 750 வெள்ளியோ 1,500 வெள்ளியோ போட்டும் விட்டது.