சேர்வராயன் மலைச் சமஸ்தானாதிபதி

ஏற்காடு ஒண்டிக்கடைப் பக்கம் கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு ஒருவர் நடந்து வந்தால், வக்கீல் என்று நினைத்து வில்லங்கச் சான்றிதழ் பற்றிக் கேட்டுவிடாதீர்கள். கோட்டின் இடது மார்பைப் பாருங்கள். அங்கே மூன்று பதக்கங்கள் தொங்கினால் அவர் நம் ஆள். இந்த ரகத்தினர் எல்லா ஊரிலும் உண்டு. மலையில் கோட்டு போடக் குளிரைச் சாக்குச் சொல்லலாம் என்பதால் இங்கே கொஞ்சம் தாராளமாகத் தென்படுகிறார்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கிச் சேலத்துக்கு வந்தால் கோட்டு கைக்கு வந்துவிடும், பதக்கம் பைக்குள் போய்விடும்.

நேரில் பார்த்தால் ஊர், "வாங்க ராஜா" என்கிறது. கொஞ்சம் தள்ளிப் போனதும், "சமஸ்தானம் போவுது பாரு" என்கிறது. இரண்டும் அவர் காதில் விழும். இரண்டுக்கும் தலையசைப்பார்.

சமஸ்தானம் என்பது நாலு ஏக்கர் காப்பித் தோட்டம். சில்வர் ஓக் மரங்களில் ஏறிய மிளகுக் கொடி, இரண்டு பலா மரம், தள்ளிவிட்டால் கிளம்பும் ஒரு ஜீப். ஓர் அரசு அலுவலகத்தின் தபால் பிரிவில் முப்பது ஆண்டு ரப்பர் முத்திரை குத்திவிட்டு ஓய்வு பெற்றவர். முத்திரை மேல் அவருக்கு இருக்கும் பற்று அங்கே வளர்ந்தது. பட்டத்தின் மேல் இருப்பது பரம்பரைச் சொத்து.

தாத்தாவுக்கு ராவ் சாகிப் ஆக ஆசை. வெள்ளைக்காரர் காலத்தில் அதற்கு மூன்று படி: கீழே ராவ் சாகிப், நடுவில் ராவ் பகதூர், உச்சியில் திவான் பகதூர். புத்தாண்டுக்கு ஒரு பட்டியல், மன்னர் பிறந்தநாளுக்கு ஒரு பட்டியல் என்று ஆண்டுக்கு இரண்டு தடவை அறிவிப்பார்கள். தாத்தா அந்த இரண்டு தடவையும் கலெக்டர் பங்களாவுக்கு மலை ஆரஞ்சு கூடை கூடையாக அனுப்பினார். பெயர் எந்தப் பட்டியலிலும் வரவில்லை. ஆரஞ்சு மட்டும் தவறாமல் போய்ச் சேர்ந்தது. பிறகு சுதந்திரம் வந்தது, 1950இல் அரசியல் சட்டமும் வந்தது. படைத்துறை, கல்வித்துறைச் சிறப்புகள் தவிர வேறு எந்தப் பட்டத்தையும் அரசு வழங்கக் கூடாது என்று அதன் 18ஆவது பிரிவு சொல்லிவிட்டது. அந்தப் பிரிவைத் தங்கள் வீட்டை மனதில் வைத்தே எழுதினார்கள் என்று இன்றும் அந்தக் குடும்பத்தில் வருத்தப்பட்டுக்கொள்வார்கள்.

நம்மவர் முதலில் கல்வித்துறைச் சிறப்பு என்ற சந்து வழியாக நுழையப் பார்த்தார். கௌரவ டாக்டர் பட்டம் தருகிறோம், செலவுக்கு மட்டும் ஏதாவது கொடுங்கள் என்று ஒருவர் அணுகினார். பேரம் படியும் நேரத்தில், 2023இல் ஒரு செய்தி வந்தது. அண்ணா பல்கலைக்கழக வளாகத்திலேயே மேடை போட்டு யாரோ போலிக் கௌரவ டாக்டர் பட்டங்களை அள்ளி வழங்க, பல்கலைக்கழகம் போலீசுக்குப் போயிருந்தது. "டாக்டர் பட்டம் மலிந்துபோச்சுங்க" என்று நம்மவர் விலகிக்கொண்டார். அவர் வருந்தியது போலிக்காக அல்ல, கூட்டத்துக்காக.

அடுத்து ஸ்காட்லாந்து. அங்கே ஒரு சதுர அடி நிலம் வாங்கினால் உங்களை 'லார்டு' என்று எழுதிச் சான்றிதழ் அனுப்பும் வியாபாரம் ஒன்று நடக்கிறது. வாங்கினார். ஆனால் அந்த நாட்டில் சின்னங்களுக்கென்றே லார்டு லயன் என்று ஓர் அதிகாரி இருக்கிறார், நினைவுப் பொருளாக வாங்கும் துண்டு நிலம் யாருக்கும் குலச்சின்ன உரிமை தராது என்று அவர் கையை விரித்துவிட்டார் என்பது பணம் கட்டிய பிறகே தெரிந்தது. சான்றிதழ் இப்போது அரிசி மூட்டை அறையில் மாட்டியிருக்கிறது.

கடைசியில் கைகொடுத்தது சீலாந்து. இங்கிலாந்தின் சஃபோக் கரைக்கு அப்பால், இரண்டாம் உலகப் போரின்போது கட்டிப் பிறகு கைவிட்ட ஒரு கடற்கோட்டை நிற்கிறது. இரண்டு கான்கிரீட் தூண், மேலே ஓர் இரும்புத் தளம், அவ்வளவுதான். 1967இல் ராய் பேட்ஸ் என்ற முன்னாள் ராணுவ மேஜர் அதில் ஏறி உட்கார்ந்து, இது என் நாடு, நான் இளவரசன் என்று அறிவித்தார். கொடி, நாணயம், தபால்தலை எல்லாம் அடித்தார். அந்த நாடு பிழைக்கும் வழிகளில் ஒன்று, கேட்டவர்களுக்கு லார்டு, பாரன், கவுண்ட் என்று பட்டம் விற்பது. நம்மவர் லார்டு வாங்கினார். கவுண்ட் வாங்கத்தான் நினைத்தார். "நம்ம பக்கம் அந்தப் பேரு ஏற்கெனவே நிறைய இருக்குதுங்க, எந்தச் சாதின்னு கேப்பாங்க" என்று மனைவி தடுத்துவிட்டார்.

பட்டம் வாங்குவதற்கு மேல் பட்டம் கொடுப்பதுதான் பெரிய பட்டம் என்று ஒரு மழைக்கால இரவில் அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். மறுநாளே காப்பிப் பழம் தோலுரிக்கும் கொட்டகையின் பாதியை மறைத்து, சேர்வராயன் சமஸ்தான இலச்சினை மற்றும் பட்டங்கள் ஆணையம் என்று பலகை மாட்டினார். தலைவர், செயலாளர், ஆவணக் காப்பாளர், கட்டியக்காரர் எல்லாம் அவரே. தலைவர் என்ற முறையில் செயலாளருக்குக் கடிதம் எழுதி, செயலாளர் என்ற முறையில் பதில் எழுதி, இரண்டிலும் முத்திரை குத்திக் கோப்பில் வைப்பார். ஒரு தடவை விண்ணப்பம் காலதாமதமாக வந்தது என்று தனக்கே விளக்கம் கேட்டு நோட்டீஸ் கொடுத்துக்கொண்டதாகவும் கேள்வி.

முன்மாதிரி லண்டன். அங்கே காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ் என்று ஒரு சங்கம் இருக்கிறது. 1484இல் மூன்றாம் ரிச்சர்டு மன்னர் சாசனம் கொடுத்துத் தொடங்கியது. குலச்சின்னம் வேண்டுமென்றால் பல ஆயிரம் பவுண்டு கட்ட வேண்டும். அங்குள்ள அதிகாரிகளில் ஒருவருக்குப் பதவிப் பெயர் சிவப்பு டிராகன், இன்னொருவருக்கு நீல அங்கி. நான் இட்டுக்கட்டவில்லை. அந்தச் சிவப்பு டிராகனுக்கு அரண்மனை தரும் சம்பளம் ஆண்டுக்கு 13 பவுண்டு 95 பென்ஸ். நம்மவர் இதைப் படித்துவிட்டு, தோட்டத்தில் களை எடுக்க வருகிறவரை அழைத்து, "உன்னைச் சிவப்பு டிராகன் ஆக்கட்டுமா?" என்றாராம். "கூலி எவ்வளவுங்க ஐயா?" என்று அவர் கேட்டிருக்கிறார். தொகையைக் கேட்டதும் களைக்கொத்தை எடுத்துக்கொண்டு போனவர், அடுத்த இரண்டு நாள் வேலைக்கே வரவில்லை.

ஆணையத்தின் முதல் வேலை சமஸ்தானத்துக்கு இலச்சினை வரைவது. முதல் வரைவில் சோழர் புலி, பாண்டியர் கயல், சேரர் வில் மூன்றும் இருந்தன. எந்த வம்சம் என்று யாராவது கேட்டால் எதையும் விட்டுக்கொடுக்க வேண்டாமே. ஆனால் சேலத்துப் போர்டு ஓவியர் வரைந்த கயல், அயிரைமீன் அளவுக்குச் சுருங்கிவிட்டது. புலி அதையே பார்த்துக்கொண்டிருந்ததால் மொத்தச் சின்னமும் பூனை மீன் பிடிக்கும் காட்சியாக முடிந்தது. இரண்டாவது வரைவில் கேடயத்தின் இரு பக்கமும் காட்டுமாடு. இது நியாயம். சேர்வராயன் மலைத் தோட்டங்களில் காட்டுமாடுகள் வேலி கேட்காமல் வந்து போகின்றன. நம்மவர் தோட்டத்தில் அவை மேய்ந்த கணக்கைப் பார்த்தால், சமஸ்தானத்துக்கு உண்மையில் அவைதான் பங்காளிகள்.

இந்த இடத்தில் அவர் சட்டென்று ஒரு தமிழறிஞர் ஆகிவிடுவார். வெள்ளைக்காரனுக்குக் கேடயமும் சிங்கமும் என்றால் நமக்குத் தசாங்கம் இருக்கிறதே என்பார். ராஜாவுக்குரிய பத்து உறுப்புகளையும் வரிசையாகப் பாடுவது நம் பழைய வழக்கம், மாணிக்கவாசகரே திருத்தசாங்கம் பாடியிருக்கிறார் என்பதெல்லாம் சரிதான். அதை இவர் படிவமாக அச்சடித்து வைத்திருக்கிறார். சமஸ்தானத்துக்கான படிவத்தை நான் பார்த்தேன். மலை: சேர்வராயன். ஆறு என்ற இடத்தில் கிளியூர் அருவி என்று எழுதி, கோடையில் வறண்டுவிடும் என்று அடைப்புக்குறிக்குள் நேர்மையாகக் குறித்திருந்தார். தார், காப்பிப் பூ. பங்குனி சித்திரையில் ஒரு மழை பெய்து எட்டுப் பத்து நாள் கழிந்தால் தோட்டம் முழுக்க வெள்ளை வெளேரென்று பூத்து மல்லிகை போல மணக்கும். எந்தச் சக்கரவர்த்திக்கும் வாய்க்காத மாலை, ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். ஊர்தி ஜீப், முரசு ஜீப்பின் ஹாரன். படை என்பதற்கு எதிரே முதலில் உண்டிவில் என்று எழுதி, குரங்குகள் அதற்குப் பயப்படுவதில்லை என்று தெரிந்த பிறகு அடித்திருந்தார்.

பட்டம் வழங்குவதில் அவர் கஞ்சத்தனமே காட்ட மாட்டார், பணம் தராத இடங்களில் குறிப்பாக. பால் பாக்கி மூன்று மாதம் சேர்ந்ததும் பால்காரருக்குக் க்ஷீரசாகரத் தளபதி. ஜீப்பைக் கடனுக்குப் பழுது பார்த்த மெக்கானிக்குக்கு இயந்திர சிம்மம். தண்ணீர்க் குழாயைச் சரிசெய்தவருக்குக் கங்கா பிரபு. பட்டயத்தைக் கையில் வாங்கி நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "அப்ப பணம் எப்பங்க ராஜா?" என்று கேட்டவர் அந்தப் பிரபு. வீட்டில் மனைவிக்கு மகாராணி. "ஏங்க, மகாராணி சொல்றேன், வாசல்ல நிக்கிற கேஸ் சிலிண்டரைத் தூக்கிட்டு வந்து வையுங்க" என்று உள்ளேயிருந்து ஆணை வரும்போது ஆணையத்தின் எல்லா அதிகாரிகளும் ஒரே ஆளாக எழுந்து ஓடுவார்கள்.

அவர் முகம் வாடுவது கைலாசா பேச்சு வந்தால் மட்டும். திருவண்ணாமலையில் பிறந்த நித்யானந்தா 2019இல் தனி நாடு அறிவித்தார், கொடியில் நந்தி வந்தது, பாஸ்போர்ட் வந்தது, 2020இல் நாணயமும் வந்தது. 2023 ஜனவரியில் அமெரிக்காவின் நியூவார்க் நகரம் சகோதர நகர ஒப்பந்தமே போட்டுவிட்டு, அப்படியொரு நாடு இல்லை என்று தெரிந்ததும் சில நாட்களில் ரத்து செய்தது. அதே ஆண்டு நவம்பரில் பராகுவேயில் ஓர் அதிகாரி கைலாசாக்காரர்களுடன் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வேலையைப் பறிகொடுத்தார். அவர்கள் மேல் இருக்கும் வழக்குகளைச் சொன்னால் நம்மவர் காதில் ஏறாது. "சில நாளாவது ஒப்புக்கிட்டாங்களே! நான் சேலம் மாநகராட்சிக்கு எழுதின கடிதத்துக்கு ஒப்புகைச்சீட்டுகூட வரலைங்க."

இந்த மலையில் உண்மையான பட்டங்கள் இல்லாமல் இல்லை. மலையாளிப் பழங்குடியினரின் கிராமங்களில் பட்டக்காரர், மூப்பர், ஊர்க்கவுண்டர் எல்லாம் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். 1820களில் கலெக்டர் கோபர்ன் இங்கே காப்பிச்செடியைக் கொண்டுவந்தபோதே இருந்தவர்கள். கோட்டு கிடையாது, லெட்டர்பேடு கிடையாது. கல்யாணம் பேச, பஞ்சாயத்துத் தீர்க்க, சேர்வராயன் கோயில் திருவிழா எடுக்க ஊர் கூப்பிடும், போக வேண்டும். நம்மவர் ஒரு மூப்பருக்கு மலைப் பிரபு பட்டம் தர ஆள் அனுப்பினார். "மொளகு பறிக்கிற நேரம், அப்புறம் பாக்கலாமுங்க" என்று பதில் வந்தது. ஆணையத்தின் வரலாற்றில் பட்டத்தை ஒத்திவைத்தவர் அவர் ஒருவரே.

ஆனாலும் சமஸ்தானாதிபதி ஒரு நம்பிக்கையில் இருக்கிறார். 1978இல் சீலாந்தில் ஒரு ஜெர்மானியர் கூலிப்படையை ஏவிக் கோட்டையைப் பிடித்தார். ராய் பேட்ஸ் திரும்ப மீட்டு ஒருவரைக் கைதியாக வைத்துக்கொண்டார். மேற்கு ஜெர்மனி லண்டனிலிருந்து தன் தூதரக அதிகாரி ஒருவரைப் பேச்சுக்கு அனுப்பியது. உடனே பேட்ஸ், பாருங்கள், ஒரு நாடு என் நாட்டை அங்கீகரித்துவிட்டது என்றார். ஆக, சண்டை போட வந்தாலே அங்கீகாரம்தான்.

இதை வைத்து நம்மவர் 18ஆவது பிரிவின் இரண்டாம் உட்பிரிவைப் பிடித்திருக்கிறார். இந்தியக் குடிமகன் யாரும் வெளிநாட்டு அரசிடமிருந்து பட்டம் ஏற்கக் கூடாது என்கிறது அது. இவர் சீலாந்து லார்டு. குற்றம் என்று வழக்குப் போட வேண்டுமானால் சீலாந்து ஒரு வெளிநாட்டு அரசு என்று வாதி ஒப்புக்கொண்டாக வேண்டும், அல்லவா? தோற்றால் நான் அங்கீகரிக்கப்பட்ட லார்டு, ஜெயித்தால் பட்டத்தை வைத்துக்கொள்ளலாம் என்று வாசலில் காத்திருக்கிறார். மீறியவருக்கு அந்தப் பிரிவில் தண்டனை எதுவும் சொல்லப்படவில்லை என்பதையும் விசாரித்து வைத்திருக்கிறார்.

ஆகவே சட்டம் படித்த வாசகர் யாராவது மனமிரங்கி அவருக்கு ஒரு வக்கீல் நோட்டீஸ் அனுப்பி வைத்தால் புண்ணியமாகப் போகும். பதிவுத் தபாலில் அனுப்புங்கள். உறையின் மேல் எல்லாப் பட்டங்களையும் விடாமல் எழுதுங்கள், இல்லாவிட்டால் செயலாளர் வாங்க மாட்டார்.