பாரில் அமர்ந்து பார் பார்த்தல்: ஆலங்குடி வட்டாரத்தை முன்வைத்து

தமிழில் ‘பார்’ என்ற சொல்லுக்கு மூன்று பொருள். ஒன்று, உலகம். இரண்டு, ‘கண்ணைத் திறந்து நோக்கு’ என்னும் ஏவல். மூன்று, டாஸ்மாக் கடையை ஒட்டி நிற்கும் தகரக் கொட்டகை. மூன்றாம் பாரில் உட்கார்ந்துகொண்டு, இரண்டாம் பாருக்குக் கீழ்ப்படிந்து, முதலாம் பாரை நோக்குபவர் உண்டா என்பதே இவ்வாய்வின் சிக்கல்.

முன்னோடிகள் எல்லோரும் உயரத்தில் இருக்கிறார்கள். துபாய் புர்ஜ் கலீஃபாவில் 122ஆம் தளம். ஹாங்காங் ரிட்ஸ் கார்ல்டனில் 118ஆம் தளம். அங்கே கோப்பையோடு சேர்த்துக் காட்சிக்கும் பில் வரும். ரப்பர் செருப்போடு போனால் வாசலோடு சரி. ஆலங்குடியில் ஏறிப் பார்க்கத் தோதானது தென்னை மரம்தான். அதில் ஏறுகிறவர் இறங்கிய பிறகே குடிப்பார்.

இருந்தும் சிற்றூர்க் குடிமகனுக்குக் காட்சி வாய்த்தது. வழங்கியது உச்ச நீதிமன்றம். நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. 20,000 பேருக்கு மிகாத ஊர்களுக்கு அது பிறகு 220 மீட்டராகக் குறைந்தது. 2017 ஏப்ரல் 1 அன்று தமிழ்நாட்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் சாலையோரத்தில் பூட்டப்பட்டன. மூட்டை கட்டியவற்றில் பல, வயல் வரப்பையும் தோப்பு ஓரத்தையும் தேடிப் போயின. அதுவரை லாரிப் புகையைப் பார்த்துக் குடித்தவருக்கு நாற்று நட்ட வயல் கிடைத்தது. (அந்த வயல் வழியே நடந்து போகும் பெண்கள் பல ஊர்களில் மறியலில் உட்கார்ந்தார்கள். அவர்களுக்கும் அதே காட்சிதான் வேண்டியிருந்தது, நடுவில் பார் இல்லாமல்.)

இந்நிலத்துக்குத் தொல்காப்பியர் திணை வகுக்கவில்லை. குறையை இக்கட்டுரை தீர்க்கிறது. முதற்பொருள்: நிலம், தகரக் கூரையும் அதன் கீழ் மண் தரையும், பொழுது, பகல் 12 முதல் இரவு 10 வரை. கருப்பொருள்: ஒரு கால் வளைந்த பிளாஸ்டிக் நாற்காலி, தண்ணீர்ப் பாக்கெட், சுண்டல், ஊறுகாய், காலிப் பாட்டில் பொறுக்கும் சாக்கு. உரிப்பொருள்: புலம்பலும் புலம்பல் நிமித்தமும்.

அளவையியல் பற்றி ஒரு குறிப்பு. ஃபுல் 750 மில்லி, ஆஃப் 375. அப்படியானால் குவார்ட்டர் 187.5 இருக்க வேண்டும், இருப்பதோ 180. நான்கு குவார்ட்டர் வாங்கியவருக்கு ஒரு ஃபுல்லைவிட 30 மில்லி, அதாவது சரியாக ஒரு ஸ்மால், குறைகிறது. ஆய்வாளர் இதை விளக்கியபோது எதிரே இருந்தவர் கண் கலங்கினார். வேறு காரணமும் இருக்கலாம்.

இனி, காட்சி. தோப்பை ஒட்டிய பார் ஒன்றில் மாலை ஐந்தரை மணி. மேற்கே வானம் பழுக்கிறது. பாளைகளுக்கு இடையில் கிளிகள். தூரத்தில் ஆலங்குடிக்குத் திரும்பும் டவுன் பஸ்ஸின் விளக்கு. நாற்காலிகள் எல்லாம் ஒன்றையொன்று பார்த்துக் கிடக்கின்றன. ஒன்றுகூட மேற்கே திரும்பவில்லை. “மாமா, சூரியன் மறையுதுல்ல” என்று ஓர் இளைஞர் சொன்னார். “அது தினமும் மறையும்டா, நீ ஊத்து” என்றார் மாமா.

விதிவிலக்கு ஒன்று உண்டு. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் புதுக்கோட்டை, தஞ்சை, நாகைத் தென்னைகளைச் சாய்த்துப்போட்டது. மறைப்பு விலகிக் காட்சி மைல் கணக்கில் விரிந்தது. அந்த வாரங்களில் நாற்காலிகள் வெளிப்பக்கம் திரும்பின. யாரும் சுண்டல் கேட்கவில்லை. வைத்த தென்னம்பிள்ளை காய்க்க ஐந்தாறு வருடமாவது ஆகும் என்று எவரோ விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

மற்ற நாட்களில் இக்காட்சியை முழுதாகக் கண்டவர் ஒதுங்கப் போனவர் மட்டுமே. எழுந்து, வேட்டியை மடித்து, வரப்பைத் தாண்டி ஒரு தென்னையைத் தேர்ந்து நின்றால் வயலும் வானமும் ஒருசேரத் தெரியும். இதைத் தற்செயல் என்று தள்ள வேண்டாம். ஹாங்காங் பெனின்சுலா ஓட்டலின் 28ஆம் தளத்தில் பிலிப் ஸ்டார்க் வடிவமைத்து 1994இல் திறந்த ஃபெலிக்ஸ் பாருக்குப் புகழ் தேடித்தந்ததில் ஆண்கள் கழிப்பறைக்கும் பங்கு உண்டு. கண்ணாடிச் சுவரை நோக்கி நின்றபடி நகரத்தைப் பார்த்துக்கொண்டே காரியத்தை முடிக்கலாம். ஆலங்குடிப் பக்கம் ஏற்பாடு அதேதான். கண்ணாடி மட்டும் இன்னும் வந்து சேரவில்லை.