கேளுங்கள், சொறியப்படும்

கேள்வி: எங்கள் பூனையின் மூக்கில் ஒரு புண். பக்கத்து வீட்டுக் கடுவனோடு சண்டை போட்ட காயம் என்று விட்டுவிட்டோம். ஒரு மாதமாகியும் ஆறவில்லை. மஞ்சள் தடவலாமா? (வாசகி, கிள்ளான்)

பதில்: மஞ்சள் குழம்புக்கு இருக்கட்டும், அம்மா. சாதாரணச் சண்டைக் காயம் இத்தனை நாள் இழுத்தடிக்காது. மலேசியப் பூனையின் மூக்கில் ஆறாத புண் என்றால், கால்நடை மருத்துவர் சந்தேகப் பட்டியலில் ஸ்போரோட்ரிக்ஸ் என்ற பூஞ்சையைக் கட்டாயம் சேர்ப்பார். மண்ணிலும் மக்கிய இலையிலும் நூல் நூலாய் வளர்வது இது. உடம்புச் சூட்டுக்குள் புகுந்ததும் ஈஸ்ட் உருவத்துக்கு மாறிக்கொள்ளும். 1898-இல் இந்த நோயை மனிதரிடம் கண்டு முதலில் எழுதியவர் பெஞ்சமின் ஷெங்க் என்ற அமெரிக்க மருத்துவ மாணவர். பல நாடுகளில் இது ரோஜா முள் குத்திய தோட்டக்காரர்களின் நோய். நம் ஊரில் முள்ளின் வேலையைப் பூனை நகம் பார்க்கிறது. இங்கே பூனை வழியாக இது மனிதருக்குப் பரவுகிறது என்று மலேசிய ஆய்வாளர்கள் 1990-லேயே எழுதி எச்சரித்தார்கள். புண்ணின் மேல் கண்ணாடித் துண்டை ஒற்றி, சாயம் ஏற்றிப் பார்த்தால், பூனையிடம் பெரும்பாலும் கிருமி கும்பலாகவே அகப்படும். மஞ்சள் பூசிவிட்டுப் போனால் மருத்துவருக்கு மஞ்சள்தான் தெரியும்.

கேள்வி: மேலே கேட்டவரின் கணவர் நான். அந்தப் பூனையைப் பசாரில் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்கிறேன். சரிதானே? (கிள்ளான்)

பதில்: மீன் கடைக்குப் போகும் பூனை சும்மா இருக்குமா, ஐயா? அங்கே நாலு பூனையோடு சண்டை போடும், நாலுக்கும் கொடுக்கும். நோயை ஒழித்ததாக ஆகாது, கிளை திறந்ததாகத்தான் ஆகும். இது தீரக்கூடிய வியாதி. பூனையை வெளியே விடாமல் தனியறையில் வையுங்கள். கையுறை போட்டுத் தொடுங்கள். பொதுவாகக் கொடுப்பது இட்ராகோனசோல். அளவை மருத்துவர் சொல்லட்டும். மாதக்கணக்கில் கொடுக்க வேண்டியிருக்கும். இங்கேதான் பல வீடுகளில் கோட்டை விடுகிறார்கள்: புண் காய்ந்து முடி முளைத்ததும் மருந்து அலமாரிக்குப் போய்விடுகிறது. ஆறியதாகத் தெரிந்த பிறகும் குறைந்தது ஒரு மாதம் தொடர வேண்டும். இல்லாவிட்டால் அதே மூக்கில் அதே புண். நீங்களும் மறுபடி பசாரைப் பற்றிப் பேசுவீர்கள்.

கேள்வி: நாய்ச் சொறிக்குப் பழைய எஞ்சின் எண்ணெய் கைகண்ட மருந்து என்கிறாரே என் மாமா? (காப்பார்)

பதில்: மாமா லோரி ஓட்டுகிறவராக இருப்பார். நாய் உடம்பை நக்கும். எண்ணெய் வயிற்றுக்குள் போகும். தோலும் வெந்துபோகும். லோரிக்கே ஊற்றச் சொல்லுங்கள்.

கேள்வி: தினமும் என் ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டி, தேங்காய் எண்ணெயும் தடவுகிறேன். ஆனாலும் எங்கள் நாய் பிசுபிசுவென்று நாறுகிறது. அபார்ட்மெண்டில் லிஃப்டுக்குள் ஏறவே வெட்கமாக இருக்கிறது. (பிரிக்ஃபீல்ட்ஸ்)

பதில்: காதுக்குள், அக்குளில், விரல் இடுக்கில் முகர்ந்து பாருங்கள். அங்கே நாற்றம் தூக்கலாக இருந்தால் மலசீசியா என்ற ஈஸ்டாக இருக்கலாம். 1925-இல் வைட்மன் என்ற அமெரிக்கர் இதை ஓர் இந்தியக் காண்டாமிருகத்தின் தோலில் கண்டு விவரித்தார். ஆகவே உங்கள் நாய்க்கு வந்திருப்பது வம்ச கௌரவமுள்ள வியாதி. கொழுப்பு என்றால் அதற்குக் கொண்டாட்டம். தேங்காய் எண்ணெயால் நீங்கள் தினமும் விருந்து வைக்கிறீர்கள். நம் தோலும் நாயின் தோலும் ஒன்றல்ல, உங்கள் ஷாம்பு உங்களுக்கே இருக்கட்டும். மருத்துவர் தரும் மருந்து ஷாம்புவைப் போட்டதும் அலசிவிடக் கூடாது, பத்து நிமிடம் ஊற வேண்டும். ஜாலான் துன் சம்பந்தனில் ஒரு தே தாரே குடிக்கும் நேரம்தான். பிறகு நன்றாகத் துவட்டுங்கள். கோலாலம்பூரின் ஈரக்காற்றில் நனைந்த நாய் தானாக லேசில் காயாது. அப்படியும் திரும்பத் திரும்ப வந்தால், அடியில் ஒவ்வாமை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: பூனைக்குட்டிக்கு வட்டமாக முடி கொட்டுகிறது, பேத்தி கையிலும் அதே வட்டம். யார் யாருக்குக் கொடுத்தது? (ஷா ஆலம்)

பதில்: விசாரணைக் கமிஷன் வேண்டாம், பாட்டி. பெரும்பாலும் குட்டிதான். படர்தாமரை என்ற பூஞ்சை நோயாக இருந்தால் இருவருக்கும் சேர்த்து வைத்தியம் பாருங்கள். உதிர்ந்த முடியில் இந்தப் பூஞ்சை ஒன்றரை வருடம்கூட உயிரோடு கிடக்கும், எனவே சோபாவையும் தலையணை உறையையும் விட்டுவிடாதீர்கள். புறஊதா விளக்கடியில் பச்சையாக மின்னினால் துப்புக் கிடைத்தது என்று அர்த்தம். மின்னாவிட்டால் நோய் இல்லை என்று அர்த்தமில்லை. அரிப்பு நிற்கிறதே என்று ஸ்டெராய்டு கலந்த களிம்பைத் தடவினால், வட்டம் மறைந்ததுபோல் காட்டி உள்ளுக்குள் பரவும்.

கேள்வி: பூனை பிறாண்டிய விரலில் ஒரு கட்டி. இப்போது முழங்கை வரை வரிசையாகக் கட்டிகள். கிளினிக்கில் கொடுத்த ஆன்டிபயாட்டிக் கேட்கவில்லை. (பெட்டாலிங் ஜெயா)

பதில்: கிள்ளானில் ஏறினால் பாடாங் ஜாவா, ஷா ஆலம் என்று நின்று நின்று வரும் கோமியூட்டர் ரயிலைப் போல, நிணநீர்க் குழாய் வழியே, முதல் கேள்வியில் சொன்ன ஸ்போரோட்ரிக்ஸ் பூஞ்சை மேலேறும். பாக்டீரியாவுக்கான மாத்திரை பூஞ்சைக்குப் படியாது. உங்கள் கடிதத்தில் பூனை இருக்கிறது, கிளினிக்கில் சொன்னீர்களா? வரிசைக் கட்டிகளுக்கு வேறு காரணங்களும் உண்டு. சோதித்துப் பார்க்காமல் சொல்ல முடியாது. நாளைக்கே தோல் மருத்துவரிடம் போங்கள். உட்கார்ந்ததும், வயதைச் சொல்வதற்கு முன்னால் பூனையைச் சொல்லுங்கள்.