சவுண்டு அண்ணாச்சி

எண்பதுகளில் திருநெல்வேலி ஜங்ஷனில் பாட்டுப்பெட்டி வாங்குவது சுலபம். கையில் பணம் இருந்தால் போதும். சவுண்டு அண்ணாச்சியிடம் வாங்குவதுதான் பெரும்பாடு. அவர் கடையில் பணம் கடைசியாக வருகிற விஷயம். அதற்கு முன்னால், பெண் பார்க்க வந்த வீட்டார் தோற்றுப்போகிற அளவுக்கு ஒரு விசாரணை நடக்கும். ஓட்டு வீடா, தட்டட்டியா? அறை எத்தனை அடி? தரை சிமிண்டா, மொசைக்கா? சன்னலுக்குத் துணி போட்டிருக்கிறதா? பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை உண்டா? பக்கத்து வீட்டாரோடு பேச்சுவார்த்தை இருக்கிறதா?

கடைசிக் கேள்விக்கு "இல்லை" என்று பதில் வந்தால், "அப்பம் பெரிய ஸ்பீக்கரே போட்ரலாம்" என்பார்.

அண்ணாச்சிக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. கடைப் பலகையிலும் அதை எழுதி வைத்திருந்தார். பிறகு அதே பலகைக்கு முன்னால் அவரே ஒரு கூம்பு ஒலிபெருக்கியை மாட்டிவிட்டதால் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும்தான் வெளியே தெரிந்தன. நடுவில் என்ன இருக்கிறது என்று யோசிக்கச் சோம்பல்பட்ட ஊர், தானே ஒரு பெயர் வைத்துக்கொண்டது.

கடை மாடியில். கீழே பாத்திரக்கடை. இந்த ஏற்பாடு பாத்திரக்கடைக்காரருக்குச் சனி, அண்ணாச்சிக்கு வரம். மேலே தபேலாவோ தவிலோ அதிரும்போதெல்லாம் கீழே அடுக்கி வைத்த பாத்திரங்கள் கிணுகிணுக்கும். எந்தச் சத்தம் எந்தப் பாத்திரத்தை ஆட்டும் என்பது அண்ணாச்சிக்கு மனப்பாடம். தூக்குவாளி பேசினால் ஒரு கணக்கு, குத்துப்போணி பேசினால் ஒரு கணக்கு. மூலையில் கவிழ்த்து வைத்த பித்தளை அண்டா முனகினால் ஸ்பீக்கர் நொடிக்கு 50 சைக்கிள் வரை இறங்கிவிட்டது என்று அர்த்தம். கடைப் பையனைப் படிக்கட்டில் பாதியில் நிறுத்திவைத்து, "எலே, அண்டா பேசுதா?" என்று மேலேயிருந்து கத்துவார்.

"இல்ல அண்ணாச்சி, தூக்குவாளியோட நின்னுட்டு!"

அந்த ஸ்பீக்கர் அன்றைக்கே வந்த லாரியில் திரும்பிப் போகும்.

ஒலிப் பொறியியல் படித்தவர்கள் இதற்கென்று கருவிகள் வைத்திருக்கிறார்கள், விலையைக் கேட்டால் நமக்கே கொஞ்சம் அதிரும். ஆனால் அடிப்படை ஒன்றுதான். ஒவ்வொரு பொருளுக்கும் தனக்கென்று ஓர் அதிர்வெண் உண்டு. அதே அதிர்வெண்ணில் வெளியிலிருந்து ஒலி வந்தால் அது தானாக அதிரத் தொடங்கும். நெல்லையப்பர் கோயிலின் இசைத்தூண்களைச் சின்ன வயதிலேயே தட்டிப் பார்த்து, காவலாளியிடம் திட்டும் வாங்கி வளர்ந்த மனிதருக்கு இதையெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

பாத்திரக்கடைக்காரர் அவ்வப்போது பொறுக்கமுடியாமல் படியேறி வருவார். "ஓய், நேத்து கல்யாணச் சாமான் எடுக்க வந்த பார்ட்டி, பாத்திரத்துல என்னமோ இருக்குன்னு பயந்து போயிட்டான்வே."

அண்ணாச்சி ஆவலோடு கேட்பார்: "எந்தப் பாட்டுக்கு?"

புது ஸ்பீக்கர் எது வந்தாலும் முதலில் ஓடுவது ஒரே பாட்டுதான். 1962-இல் வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ். ஜானகி பாட, காருகுறிச்சி அருணாசலம் நாகசுரம் வாசித்தாரே, அது. காருகுறிச்சி எங்கள் ஜில்லா. ஒரு பஸ் ஏறினால் போய்விடலாம். ஆகவே அண்ணாச்சிக்கு இது சங்கீத விஷயம் மட்டுமல்ல, சொந்தக்கார விஷயமும்கூட. ஸ்டீரியோ வாங்க வந்த இளவட்டங்கள் நெளிவார்கள். "அண்ணாச்சி, இது பழைய மோனோ ரிக்கார்டு. 'பிரியா' போடுங்க, ரெண்டு பக்கமும் பிரிஞ்சு கேக்கும்." 1978-இல் 'பிரியா' பாடல்கள் ஸ்டீரியோவில் வந்த பிறகு, இந்தக் காதுக்கு ஒரு வாத்தியம், அந்தக் காதுக்கு ஒரு வாத்தியம் என்று தலையைத் திருப்பித் திருப்பிக் கேட்பது ஊரில் ஒரு பொழுதுபோக்காகவே இருந்தது. அண்ணாச்சி மசியமாட்டார்.

"பிரிஞ்சு கேக்கது பெரிய காரியமாவே? ரெண்டு ஸ்பீக்கரும் சேர்ந்து ஒத்த ஆளா நிக்கணும். காருகுறிச்சியார் நட்டநடுவுல நின்னு வாசிக்காரு. இந்தப் பக்கம் நகர்ந்தாருன்னா இந்த ஸ்பீக்கர் கூடுதல். அந்தப் பக்கம் நகர்ந்தா அது கூடுதல். நாகசுரமும் அம்மா குரலும் எது எதுன்னு தெரியாம ஒட்டிக்கிட்டா ட்வீட்டர் சரியில்ல. இதுக்கு மேல என்ன டெஸ்ட்டு வேணும்?"

ஒரு ஜோடி ஸ்பீக்கரைச் சோதிக்க மோனோப் பதிவுதான் முதல் கருவி என்பதை நான் பின்னால் தடித்தடியான புத்தகங்களில் படித்தேன். அண்ணாச்சி அளவுக்குச் சுருக்கமாக ஒருவரும் எழுதவில்லை. காருகுறிச்சியாரையும் ஒருவரும் குறிப்பிடவில்லை.

கடையில் விற்பனைக்கு இருந்த கம்பெனி செட்டுகளுக்கு நடுவே, அவரே அசெம்பிள் பண்ணிய ஆம்ப்ளிஃபயர்களும் இருந்தன. ரெக்ஸின் ஒட்டிய மரப்பெட்டி, முதுகில் ஹீட் சிங்க், அதில் வரிசையாக 3055 டிரான்சிஸ்டர். டிரான்ஸ்ஃபார்மரை மட்டும் வெளியே வாங்கமாட்டார். தன் கண்ணெதிரே சுற்றவைத்தால்தான் அவருக்குத் திருப்தி. செட்டின் தரத்தைப் பற்றிக் கேட்டால் பேசவே மாட்டார். "தூக்கிப் பாரும்" என்பார். தூக்கியவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் வியாபாரம் முடிந்தது.

கனத்தில் இப்படி நம்பிக்கை வைத்திருந்த மனிதர் தொண்ணூறுகளின் பிளாஸ்டிக் பெட்டிகளைப் பார்த்து எப்படித் தவித்திருப்பார்! கலர் விளக்கு மினுக்கும், முகப்பு முழுக்கப் பொத்தானாக இருக்கும், அட்டைப் பெட்டியில் '2000 வாட் பி.எம்.பி.ஓ.' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். கண் இமைப்பதற்குள் வந்து போகிற உச்சச் சக்தியை எடுத்து, இருக்கிற ஸ்பீக்கர்களின் எண்ணிக்கையையெல்லாம் பெருக்கி, கம்பெனிக்காரர் மனசுப்படி போட்டுக்கொள்கிற கணக்கு அது. பொது விதி ஒன்றும் கிடையாது. தொடர்ந்து தரக்கூடிய சக்தியைச் சொல்வது ஆர்.எம்.எஸ். கணக்கு, அதை மட்டும் எறும்பு எழுத்தில் போடுவார்கள், அல்லது போடவே மாட்டார்கள்.

மெட்ராஸிலிருந்து அப்படியொரு பெட்டியைப் பெருமையோடு தூக்கி வந்தான் ஒரு பையன். ஒற்றைக் கையால் தூக்கி வந்ததிலேயே அண்ணாச்சிக்கு முகம் சுருங்கிவிட்டது. பெட்டியைத் திருப்பினார். கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். பின்பக்கத் தகட்டில் மின்சாரச் செலவு 60 வாட் என்று இருந்தது.

"தம்பி, சுவத்துலேருந்து 60 வாட் வாங்குது. நமக்கு 2000 வாட் குடுக்குது. அப்படித்தானே?"

"ஆமா அண்ணாச்சி."

"பொறவு கூடங்குளத்துல எதுக்குல அணு உலை கட்டணும்னு அலையுதானுவ? இதுல ரெண்டு பெட்டிய கொண்டு வச்சா முடிஞ்சுல்லா!"

பையன் அழுதுவிடுவான் போலிருந்தது. உடனே அண்ணாச்சிக்கு மனசு கேட்கவில்லை. டீ வாங்கிக் கொடுத்து, வாட் இரண்டு மடங்கானாலும் சத்தம் 3 டெசிபல்தான் கூடும், காதுக்கு இரட்டிப்பாகத் தெரியவேண்டுமானால் பத்து மடங்கு வாட் வேண்டும், ஆகவே வீட்டறைக்கு நல்ல 20 வாட்டே தாராளம் என்று பொறுமையாகச் சொல்லி அனுப்பினார். அந்தப் பையன் பிற்பாடு மின்சார வாரியத்தில் வேலைக்குப் போனான். கூடங்குளத்துக்கு அல்ல.

வளைகுடாவிலிருந்து வரும் செட்டுகள் தனிக் கதை. மேலப்பாளையம், கடையநல்லூர்ப் பக்கமிருந்து சவுதிக்குப் போனவர்கள் விடுமுறையில் டூ இன் ஒன்னும் ஸ்டீரியோவுமாக வந்து இறங்குவார்கள். பின்பக்கத்தில் வோல்ட்டேஜ் மாற்றுகிற சின்ன ஸ்விட்ச் 110-இல் நிற்கும். ஊர் கூடி வேடிக்கை பார்க்க, நம்மூர் 230 வோல்ட்டில் சொருகுவார்கள். பாட்டுக்கு முன்னால் புகை வரும். அந்தச் செட்டுகளைத் துணியில் சுற்றி அண்ணாச்சியிடம் கொண்டு வருவார்கள். அவர் திறக்குமுன் முகர்ந்து பார்ப்பார். "டிரான்ஸ்ஃபார்மர் மட்டுந்தான் போயிருக்கு, பயப்படாதீய" என்று சொன்னால் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். அண்ணாச்சியின் மூக்கும் ஓரளவுக்கு ஹைஃபைதான்.

விற்கத் தெரியாத மனிதர் என்று அவரைச் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ளமாட்டேன், விற்க மனமில்லாதவர் என்பதே சரி. மகள் கல்யாணச் சீருக்கு ஸ்டீரியோ எடுக்க வந்த அப்பா ஒருவர், மாப்பிள்ளை வீட்டார் கேட்ட மாடலைச் சீட்டில் எழுதிக் கொண்டுவந்திருந்தார். அண்ணாச்சி சீட்டை வாங்கிப் படித்தார். மாப்பிள்ளைக்குப் பாட்டில் ஈடுபாடு உண்டா என்றார். தெரியாது என்றார் அப்பா. பொண்ணுக்கு? அவள் நன்றாகப் பாடுவாள். "அப்பம் பொண்ணுக்குப் புடிச்சத வாங்கும்வே. ஒரு சின்ன டேப் ரிக்கார்டர், பதிவு பண்ணுத மாதிரி. மிச்சத்த அவ பேர்ல போஸ்ட் ஆபீஸ்ல போடும். மாப்ள வீட்ல கேட்டா, அந்த மாடல் ஸ்டாக்கு இல்லன்னு நான் சொல்லுதேன்." அந்த மாடல் அவர் தலைக்கு மேலேயே அலமாரியில் இருந்தது.

டேப்பில் வரும் 'ஸ்ஸ்' இரைச்சலைக் குறைக்கும் டால்பி பொத்தானைப் பற்றி யாராவது கேட்டுவிட்டால் கடையில் அன்றைக்கு வேறு வேலை நடக்காது. ரே டால்பி என்ற அந்த அமெரிக்கர் 1963-இல் யுனெஸ்கோ ஆலோசகராக இந்தியாவுக்கு வந்து சண்டிகரில் வேலை பார்த்தவர். 1965-இல் லண்டனுக்குப் போய் டால்பி கம்பெனியைத் தொடங்கினார். இதெல்லாம் நிஜம். அண்ணாச்சியின் விளக்கம்தான் அவருடைய சொந்தச் சரக்கு: "ரெண்டு வருசம் நம்ம நாட்ல இருந்திருக்காரு. ஹாரன், மைக் செட்டு, கல்யாண ஊர்கோலம் எல்லாத்தையும் கேட்டிருக்காரு. ஊருக்குப் போன கையோட, இரைச்சலக் குறைக்க என்ன வழின்னு கடை போட்டுட்டாரு. வேற என்ன செய்வாரு, பாவம்?"

இத்தனை பேசுகிறவர் வீட்டில் என்ன செட் இருந்தது? ஒன்றும் கிடையாது. ஒரு பழைய டிரான்சிஸ்டர் அடுப்படிச் சன்னலில் தொங்கியது. அதில் இலங்கை வானொலி கரகரப்பில்லாமல் விழும். ஆச்சிக்கு அது போதும். "கடையில இருக்க சத்தம் கடையோட இருக்கட்டும்" என்பது அந்த வீட்டுச் சட்டம். அண்ணாச்சி அதற்கு அப்பீல் போனதில்லை.

அவர் வித்தையின் உச்சத்தை நான் பாளையங்கோட்டையில் ஒரு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் வீட்டில் பார்த்தேன். சாருக்குக் கொஞ்ச நாளாகப் பாட்டு 'சப்பென்று' இருந்தது. மிருதங்கம் கேட்கவில்லை, பாடகர் எங்கோ தலைக்குப் பின்னாலிருந்து பாடுகிறார். வயசாகிவிட்டது என்று முடிவுகட்டி, காது டாக்டரிடமும் போய்வந்துவிட்டார். டாக்டர் காது நன்றாக இருக்கிறது என்று சொன்னதில் அவருக்குக் கவலை இன்னும் கூடிவிட்டது. அண்ணாச்சி உள்ளே நுழைந்தார். இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் நின்று ஒரு பல்லவி முடிகிறவரை கேட்டார்.

"சார், பொங்கலுக்கு வெள்ளையடிச்சியளோ?"

சார் அதிர்ந்துபோய், "எப்படித் தெரியும்?" என்றார். சுவரைப் பார்த்துச் சொன்னதல்ல அது. வெள்ளையடிக்க வந்தவர்கள் ஸ்பீக்கரை நகர்த்தி, ஒயரைக் கழற்றி, திரும்ப மாட்டும்போது ஒன்றில் மட்டும் சிவப்பையும் கறுப்பையும் இடம் மாற்றிவிட்டார்கள். இரண்டு ஸ்பீக்கரின் கூம்பும் ஒரே நேரத்தில் முன்னே வரவேண்டும், ஒரே நேரத்தில் பின்னே போகவேண்டும். ஒன்று காற்றைத் தள்ளும்போது இன்னொன்று இழுத்தால் கனமான ஒலிகள் ஒன்றையொன்று தின்றுவிடும். நடுவில் நிற்கவேண்டிய பாடகரும் இருக்க இடமில்லாமல் அலைவார். அண்ணாச்சி குனிந்து ஒயரை மாற்றினார். மிருதங்கம் திரும்பி வந்தது. சாருக்குக் காதும் திரும்பி வந்தது.

கூலி வாங்கவில்லை. ஆனால் கிளம்பும்போது, ஸ்பீக்கர் தலையில் பூத்துணி விரித்து, பிள்ளையார் வைத்து, முன்னால் எண்ணெய் விளக்கும் ஏற்றியிருந்ததைச் சுட்டிக்காட்டினார். "பிள்ளையாரைக் கொஞ்சம் தள்ளி வைங்க சார். அவருக்குக் காது பெரிசு. இவ்வளவு பக்கம் வேண்டாம்."

அண்ணாச்சி காலமாகிப் பல வருஷம் ஆயிற்று. சி.டி. வந்ததையும் அது போனதையும் பார்த்துவிட்டுத்தான் போனார். பதினாறாம் நாள் விசேஷத்துக்கு வந்த மைக் செட் பையன் கூம்பைச் சுவரைப் பார்த்துக் கட்டியிருந்தான். பந்தியில் உட்கார்ந்திருந்த பழைய வாடிக்கையாளர்கள் நாலைந்து பேர், சொல்லிவைக்காமலே ஒன்றாக எழுந்து அதைத் திருப்பப் போனார்கள். கடை இருந்த மாடியைப் பாத்திரக்கடைக்காரரே வாடகைக்கு எடுத்துக்கொண்டார்; இப்போது இரண்டு தளமும் பாத்திரம்தான்.

உங்கள் வீட்டில் ஒயர் போட்ட ஸ்பீக்கர் ஜோடி இருந்தால் இன்றைக்கே ஒரு காரியம் செய்யுங்கள். தவிலோ மிருதங்கமோ நன்றாகக் கேட்கிற ஒரு பாட்டைப் போட்டுக் கேளுங்கள். பிறகு ஒரே ஒரு ஸ்பீக்கரில் மட்டும் சிவப்பையும் கறுப்பையும் மாற்றி மறுபடி கேளுங்கள். எதில் அடி கனமாக விழுகிறதோ அதுவே சரி; அப்படியே விட்டுவிடுங்கள். இரண்டிலும் மாற்றினால் ஒரு வித்தியாசமும் தெரியாது. ஒயரைத் தொடுமுன் செட்டை அணைத்துவிடுங்கள்.