புராஜெக்ட் கைடு

பொறியியற் கல்லூரிகளில் இறுதியாண்டு மாணவர்கள் எதையேனும் கண்டுபிடிக்கிறார்களோ இல்லையோ, அவர்களுக்காக முன்கூட்டியே கண்டுபிடிக்கப்பட்டு, துறைத் தலைவரின் கையெழுத்தோடு அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டுவிடுகிற மனிதர் ஒருவர் உண்டு. வழிகாட்டிப் பேராசிரியர் என்பது அவருடைய சாஸ்திரோக்தமான திருநாமம், வழக்கில் ‘கைடு’. தரையில் ஓடுகிற வண்டிக்கும் வானத்தில் பறக்கிற டிரோனுக்கும் வழிகாட்டுகிறவர்களைப் பற்றி நமக்குக் கவலையில்லை. அவர்களுடைய யந்திரம் பழுதுபட்டால் நிற்கும், அல்லது விழும், போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்துவிடலாம். நீருக்குள் செல்லும் சிறு டிரோனுக்கு வழிகாட்ட நேர்ந்தவரோ, மூழ்குவதே வெற்றியென்றும் மூழ்கிவிடுவதே தோல்வியென்றும் ஏற்பட்டிருக்கிற ஒரு விபரீதமான துறையில் அகப்பட்டுக்கொண்டவராதலால், நம்முடைய விசேஷ அனுதாபத்துக்குப் பாத்திரமாகிறார்.

அவருக்கு நீச்சல் தெரியாது. தெரிந்திருக்க வேண்டுமென்று பல்கலைக்கழக விதிகளில் எங்கும் இல்லை. ‘ஜீரோத் ரெவ்யூ’ என்று வழங்கும் பூஜ்யமாவது பரிசீலனையன்று நான்கு பையன்கள் அவர் முன் வந்து நின்று, நாலங்குலப் பி.வி.சி. குழாயொன்று, இரு முனைக்கும் மூடி, மூன்று மோட்டார், உள்ளே ஒரு காமிரா, கரையிலிருந்து நீளும் ஓர் ஒயர் என்று தங்கள் மனோரதத்தைப் படம் போட்டு விளக்கி முடிக்கும்வரை கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, அவர் தம்முடைய முதலும் முடிவுமான கேள்வியைக் கேட்பார்.

“எல்லாம் சரிப்பா, இதுல நாவல்டி எங்கே?”

“தண்ணி உள்ள போகாம இருந்தாலே நாவல்டிதான் சார்” என்று ஒரு பையன் உண்மையைச் சொல்லிவிடுவான். அனுபவமில்லாத பையன்.

“ஒரு ஜி.பி.எஸ். வச்சுடுங்க” என்பது கைடின் அனுக்கிரகம். ரேடியோ அலைகள் நீருக்குள் சிறிது தூரம் செல்வதற்குள் மடிந்துவிடுவதால், ஆகாயத்துச் செயற்கைக்கோளின் குரல் மூழ்கிய யந்திரத்துக்குக் கேட்காது. அதனால்தான் உலகெங்கும் இவ்வகை யந்திரங்களை ஒயரில் கட்டியோ ஒலியலைகளைக் கொண்டோ ஆளுகிறார்கள் என்று பையன்கள் மெல்ல எடுத்துரைப்பார்கள். அவர் அசையமாட்டார். “அது எனக்குத் தெரியாதா? பிளாக் டயகிராம்ல ஒரு கட்டமாவது இருக்கட்டும்.” அவ்வாறே, ஒன்றோடும் சேராத ஒரு கட்டம் படத்தின் மூலையில் பிரதிஷ்டை செய்யப்படும். தலைப்பும் பரிசீலனைக்குப் பரிசீலனை வளரும். முதலில் ‘நீரடிச் சிறு டிரோன்’ என்றிருந்தது, ‘குறைந்த செலவிலான’, ‘ஸ்மார்ட்’, ‘ஐ.ஓ.டி. சார்ந்த’, ‘செயற்கை நுண்ணறிவுடன் கூடிய’ என்று பெட்டிமேல் பெட்டி கோத்த கூட்ஸ் வண்டியாக நீண்டு, இறுதியில் நோட்டீஸ் போர்டில் இரண்டு வரிக்கு அடங்காமல் போகும். யந்திரம் மட்டும் அதே நாலங்குலக் குழாய்தான்.

பையன்கள் விடுதியில் இரவெல்லாம் விழித்திருந்து படுகிற பாடு வேறு ரகம். மூடிக்கும் குழாய்க்கும் இடையே உட்காரும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்துக்குச் சிலிக்கோன் கிரீஸ் தடவி, அதன்மேல் ஒரு தலைமயிர் ஒட்டியிருந்தாலும் அந்த வழியே தண்ணீர் புகுந்துவிடுமென்பதால் டார்ச் அடித்துச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பார்கள். பிறகு, மிதக்கவும் கூடாமல் அமிழவும் கூடாமல் நடுநீரில் அது அந்தரத்தில் நிற்கவேண்டும் என்பதற்காக, மேலே தெர்மோகோல் துண்டும் கீழே ஈயக்கட்டியுமாகக் கட்டிக் கட்டிப் பார்ப்பார்கள். பாரம் மேலேயும் மிதவை கீழேயுமாக மாறிவிட்டால் யந்திரம் சிரசாசனம் செய்யத் தொடங்கிவிடும். நன்னீரில் இவ்விதம் சமன்பட்டதைக் கடலில் விட்டாலோ, உப்புநீரின் கனம் அதிகமாகையால், பத்துக் கிலோ எடையுள்ள டிரோன் இன்னும் சுமார் கால் கிலோ ஈயம் கேட்டு மேலே மிதந்து அடம்பிடிக்கும்.

இந்தச் சூட்சுமங்களில் கைடு தலையிடுவதில்லை. அவருடைய கவனமெல்லாம் அறிக்கையின்மேல். குழாய் ஒழுகினால் சாந்தமாகச் சகித்துக்கொள்வார். பக்க எண் ஒழுங்காக இல்லாவிட்டால் சகியார். எழுத்து ‘டைம்ஸ் நியூ ரோமன்’ பன்னிரண்டு, வரிக்கு வரி ஒன்றரை இடைவெளி, பைண்டிங்குக்காக இடப்பக்க மார்ஜின் கூடுதல் என்று அவர் சிவப்பு மையால் திருத்திய பிரதியைக் கண்டால் யந்திரவியலும் ஒரு வகை இலக்கணமே என்று தோன்றும். முதல் அத்தியாயத்தில் பெருமைக்குப் பஞ்சமிராது: 1993-ல் நிறுவப்பட்டுச் சென்னைப் பள்ளிக்கரணையிலிருந்து இயங்கும் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம், ரோசப் 6000 என்ற ஆளில்லா நீர்மூழ்கியை 2010-ல் இந்துமகா சமுத்திரத்தில் 5,289 மீட்டர் ஆழத்துக்கு இறக்கிய வரலாறு அங்கே கம்பீரமாக இருக்கும். பத்து மீட்டருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் ஏறும் கணக்குப்படி, அந்த யந்திரம் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட வளிமண்டலங்களின் பாரத்தைத் தாங்கியிருக்கிறது. அடுத்த பக்கத்திலேயே, மூன்று மீட்டர் ஆழத்தில் நடந்த நம் பையன்களின் பரிசோதனை.

அந்த மூன்று மீட்டர் கிடைத்த கதையும் உண்டு. கல்லூரியில் நீச்சல்குளம் இல்லாததால், கோயமுத்தூருக்கு அப்பால் ஒரு தோட்டத்துக் கிணற்றுக்குப் போனார்கள். கைடும் வந்து, வேப்பமரத்து நிழலில் நாற்காலி போட்டு, எட்ட இருந்து மேற்பார்வை செய்தார். தோட்டக்காரப் பெரியவர் குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஏனுங் தம்பி, உள்ள போறதுக்கு வழி வெச்சிருக்கீங்க, மேல வாரதுக்கும் வெச்சிருக்கீங்களா?”

“ஒயர் இருக்குதுங்க ஐயா, இழுத்துக்கலாம்.”

“அப்படின்னா செரி. பாதாளக் கரண்டிக்குச் சிக்காத பித்தள வாளி ஒண்ணு அடியில கெடக்குது. அது கண்ணுக்குத் தெரியுதான்னு பாருங்க.”

தெரிந்தது. கலங்கல் நீரில், மடிக்கணினித் திரையில், சாய்ந்து கிடந்த வாளியின் வளைந்த காது ஒரு பக்கம் பளிச்சென்று மின்னியபோது பெரியவர் பையனின் தோளைப் பிடித்துக்கொண்டு, “அதேதானுங்க!” என்று கூவிவிட்டார். நாற்காலியிலிருந்து கைடும் எழுந்து வந்தார். ஓர் ஆண்டு முழுவதும் அவர் யந்திரத்தின் அருகே வந்தது அப்பொழுதுதான். வாளியை இமைகொட்டாமல் பார்த்தவர், “ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கோப்பா” என்றார். அறிக்கையின் ஐந்தாம் அத்தியாயத்தில் அந்த வாளி, ‘செயற்கை நுண்ணறிவின் துணையால் நீரடிப் பொருள் கண்டறியப்பட்டமை’ என்ற விளக்கத்தோடு, சுற்றிலும் பச்சைச் சதுரம் வரையப்பெற்று அமரத்துவம் எய்தியது. கண்டறிந்த நுண்ணறிவு பெரியவருடையது. நன்றியுரையில் தாளாளர் முதல் ஆய்வக உதவியாளர் வரை எல்லோரும் இருக்கிறார்கள், அவர் இல்லை.

இவ்வளவும் சொல்லிவிட்டு ‘வைவா’ என்று வழங்கும் வாய்மொழித் தேர்வு நாளைச் சொல்லாமல் விட்டால் கைடுக்குத் துரோகம் செய்தவனாவேன். வேறு கல்லூரியிலிருந்து வந்த தேர்வாளரான எக்ஸ்டெர்னல் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, “என்ன சார், ஒயர் தொங்குது? ஒயர்லெஸ்ஸா பண்ணியிருக்கலாமே, ஜி.பி.எஸ்.கூட வேலை செய்யலபோலிருக்கே?” என்று கேட்டார். பையன்கள் வாயைத் திறக்குமுன் கைடு சிங்கம்போல் எழுந்தார். ரேடியோ அலை நீரில் படும் அவஸ்தை, ஒலியலையின் சிறப்பு, ஒயரின் அவசியம் ஆகியவற்றைப் பையன்கள் தமக்குச் சொன்ன அதே வார்த்தைகளில், ஆனால் அவர்களைவிடப் பத்து மடங்கு கம்பீரமாக எடுத்துரைத்து, “இது அடிப்படை சார்” என்று முடித்தார். அந்தப் பிரசங்கத்தின் பலனாக நால்வருக்கும் மதிப்பெண் தொண்ணூறைத் தாண்டியது என்பதைப் பையன்களே ஒப்புக்கொள்கிறார்கள்.

மறுநாள் அவர்களில் ஒருவன் கைடின் அறைக்கு வந்தான். டிரோனின் மூக்கில் ஒரு கொக்கியை மாட்டினால் அந்த வாளியை மேலே கொண்டுவந்து பெரியவரிடம் கொடுத்துவிடலாம், சனிக்கிழமை கிணற்றுக்குப் போக அனுமதி வேண்டும் என்றான். கைடு பதறிப்போய்ப் பேனாவைக் கீழே வைத்தார்.

“அதை எடுத்துட்டா, அடுத்த வருஷப் பசங்களுக்கு நான் டைட்டிலுக்கு எங்கேப்பா போவேன்?”